அரை நூல் இடைவெளி

டெல்மர் ப்ளெட்டிடம் மணி கேட்டால்கூட அரை நூல் கூட்டித்தான் சொல்வான் என்று எங்கள் ஊர் ஸ்டைன்பாக்கில் ஒரு கேலி உண்டு. தேவாலயத்தில் பக்கத்து ஆளுக்கும் தனக்கும் நடுவே ஒரு கையகலம் விட்டு உட்காருவான். வண்டியை அவன் நிறுத்தினால் இரண்டு பக்கமும் மாடு புகுந்து போகலாம். சமையலறை அலமாரி செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வயதிலிருந்து ரம்பத்துக்கு முன்னால் நிற்பவன் வேறு எப்படி இருப்பான்? எங்கள் மானிடோபா மாகாணத்தில் ஜனவரியில் மூக்கு உதிர்ந்து விழுகிற குளிர், மரம் சுருங்கும். ஜூலையில் புழுக்கம், மரம் ஊதும். அளவுக்கு அச்சாக வெட்டி வைத்த இழுப்பறை ஜூலையில் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்கிற தச்சுக் கணக்கில், எந்த ஓட்டையாக இருந்தாலும் அரை நூல் கூட விட்டு வெட்டுவான். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கையே செய்துவிடும்.

அவன் மனைவி ஆர்லீன், ஊர்ப் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். டாக்டர் கையை நீட்டுவதற்குள் கருவி அந்தக் கையில் இருக்கும். டாக்டருக்குக் கை நடுக்கம் ஆரம்பித்த வருஷம், நாற்காலியில் படுத்திருந்த ஒரு கிழவர், வாயில் பஞ்சோடேயே, "அந்தப் பொண்ணே ஊசி போடட்டுமே" என்று சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். ஆர்லீனுக்கு மட்டும் அது சிரிப்பாகப் படவில்லை. வேலை முடிந்து மாலையில் வின்னிபெக் நகரத்துக்கு ஓடி, ரசாயனம், உயிரியல் என்று ஒவ்வொரு பாடமாக ஆறு வருஷம் படித்து முடித்தாள். மிச்சமிருந்தது பல்மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத்தேர்வு. 2007 நவம்பர், முதல் சனிக்கிழமை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

ரசாயனத்துக்கு அவள் பயப்படவில்லை. பயமெல்லாம் உருவக் கேள்விகள் மேல்தான்.

"இதப் பாரு," என்று ஆகஸ்டில் ஒரு நாள் மாதிரிப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். "ஒரு கட்டை. கோணல்மாணலா அங்கங்க வெட்டியிருக்கு. பக்கத்துல அஞ்சு ஓட்டை. எந்த ஓட்டை வழியா இந்தக் கட்டை போகும்னு கேக்குறான். உள்ள விட்டப்புறம் திருப்பக் கூடாது, சாய்க்கக் கூடாது."

டெல்மர் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தான். "கட்டை எங்க?"

"படத்துலதான் இருக்கே."

"தொட்டுப் பாக்க முடியாதா?"

"பரீட்சைப்பா! தாளும் பென்சிலும்தான்."

"தொடாம எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே பரீட்சையே வெக்கிறாங்க."

அன்றிலிருந்து அந்த வீடு வீடாக இல்லை. காலைச் சாப்பாட்டுச் சோளப்பொரி அட்டைப்பெட்டிகளை எல்லாம் பிரித்துத் தரையில் பரப்பி, மடித்தால் எந்த மூலை எந்த மூலையோடு சேரும் என்று தவழ்ந்துகொண்டிருப்பாள். சோளப்பொரி பானையில் கிடக்கும். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது, கையில் கொடுத்த நிகழ்ச்சித்தாளை நாலாக மடித்துப் பென்சிலால் ஒரு குத்துக் குத்துவாள். பிரித்தால் எத்தனை ஓட்டை, எங்கெங்கே என்று முதலில் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பிறகு பிரித்துப் பார்ப்பாள். ஒரு ஞாயிறு பாஸ்டர் வாசலில் கை குலுக்கும்போது, "சகோதரி ஆர்லீன், என் பிரசங்கத்துல இவ்வளவு ஓட்டையா?" என்று கேட்டே விட்டார்.

ஞாயிறு நாலு மணிக்கு ஆர்லீனின் அக்கா மார்ஜ் வீட்டில் ரொட்டியும் சீஸும் ஜாமும் காபியும் என்று எல்லாரும் கூடுவது எங்கள் வழக்கம். அங்கேயும் விடவில்லை. சீஸைக் கட்டிகளாக வெட்டிக் கோபுரம் மாதிரி அடுக்கி, வெளியே தெரிகிற பக்கத்துக்கெல்லாம் சாயம் பூசினால் மூன்று பக்கம் சாயம்பட்ட கட்டிகள் எத்தனை என்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மார்ஜின் புருஷன் வில்ஃப் உங்கர் டிராக்டர் விற்கிறவன். ஊரில் இருக்கிற அத்தனை பேர் குரலும் அவன் தொண்டையில் உண்டு. அவன் மூலையில் இருந்த கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அத்தான்! மூலையில இருந்ததத் தின்னுட்டீங்க. இப்பக் கணக்கே மாறிப்போச்சு!"

"என் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது கொழுந்தியா," என்றான் வில்ஃப், மென்றுகொண்டே. "அது எந்த ஓட்டை வழியா வெளிய வரும்? சொல்லு பாப்போம்."

"வாய் வழியாத்தான். உங்ககிட்ட எந்நேரமும் தொறந்து கெடக்கறது அது ஒண்ணுதானே."

மேசையே அதிர்ந்தது. டெல்மரும் சிரித்தான், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சம் இடம் விட்டு.

எல்லா வகைக் கேள்வியும் பிடிபட்டு வந்தது. அந்த ஓட்டைக் கேள்விதான் படியவில்லை. புத்தகத்தில் அந்த வகை பதினைந்துதான் இருந்தது. முதல் வாரத்திலேயே விடை மனப்பாடமாகிவிட்டது. "கையில எடுத்து ஒரு தரம் பாத்தாப் போதும் டெல்மர். அப்புறம் கண்ணுக்கு வந்துடும்," என்றாள்.

டெல்மருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் மிஞ்சும் மேப்பிள் மரத் துண்டுகளைக் கொண்டுவந்து, வண்டிக் கொட்டகையில் ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்தான். முப்பத்தெட்டுக் கட்டைகள். படியாக, ஆப்பாக, காடிப் பள்ளம் விட்டு, ஒரு பக்கம் முக்கோணமும் மறுபக்கம் அரைவட்டமுமாக. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பலகை, பலகைக்கு ஐந்து ஓட்டை. ஒன்று சரி, நான்கு தவறு. தவறான நாலில் ஒன்றை எப்போதும் சரியான வடிவத்திலேயே, மயிரிழை சின்னதாக வெட்டுவான், ஏமாற்றுவதற்கு. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கீழே எண் எழுதி. ஆர்லீன் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய், "எங்க வீட்டுக்காரர் செஞ்சது" என்று நோயாளிகளிடம்கூடக் காட்டினாளாம். அந்தச் செய்தி டெல்மருக்கு வில்ஃப் மூலமாக, ஆர்லீன் குரலிலேயே வந்து சேர்ந்தது. அன்று ராச்சாப்பாட்டில் அவன் உருளைக்கிழங்கு இரண்டு தரம் கேட்டு வாங்கினான்.

கட்டையை அவள் கண்ணால் மட்டும் பார்ப்பாள், பிறகு பலகையை.

"இது?"

"மூணாவது."

டெல்மர் தள்ளுவான். சளக்கென்று போகும்.

"இது?"

"ரெண்டு. இல்லல்ல, ரெண்டு சின்னது. அஞ்சு."

சளக். அக்டோபர் கடைசியில் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. ஒன்றுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பரீட்சைக்கு முந்தின வியாழக்கிழமை, தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆள், அதுவரை லாரி ஓட்டியவர், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நின்றார். "படத்துல பதினாறு அங்குலம்னு போட்டிருக்கே. நீங்க ஏன் கூட வெட்டுறீங்க?"

"படத்துல இருக்கறது படத்துக்கு," என்றான் டெல்மர், ரம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மரம்னா அரை நூல் சேத்துக்கணும். அச்சா வெட்டினா உள்ள போகாது."

சொல்லிவிட்டு ரம்பத்தை நிறுத்தினான். லாரிக்காரர், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்து நகர்ந்துபோனார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து புத்தகத்தைப் புரட்டினான். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது: ஓட்டையின் அளவும் கட்டையின் வெளிவிளிம்பும் அச்சாக ஒன்றே, பெரிசானாலும் தப்பு. ஆகஸ்டில் அவனே வாசித்ததுதான். கொட்டகைக்குப் போய்ப் பலகைகளை ஒவ்வொன்றாக அளந்தான். சரியான ஓட்டை எல்லாமே அரை நூல் பெரிசு. ஏமாற்றுவதற்காகச் சின்னதாக வெட்டினானே ஓர் ஓட்டை, கட்டை நுழைய மறுத்ததே, அதுதான் அச்சு அளவு. தாளில் அதுதான் சரியான விடை. இரண்டு மாசமாக அவள் கண்ணுக்குச் சரியானதை ஒதுக்கிவிட்டுத் தாராளமானதை எடுக்கப் பழக்கியிருக்கிறான், முப்பத்தெட்டுப் பலகையில்.

அன்று சாயங்காலம் ஆர்லீன் உள்ளே வரும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். "கடைசியா ஒரு தரம் பாத்துடலாமா?" என்று பலகைகளை எடுத்தாள். முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இரண்டு நாள் முன்னால் போய்ச் சொன்னால் உடைந்துபோய்விடுவாள், இருக்கிற தைரியமும் போய்விடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தாளில் அரை நூல் என்பது என்ன, பென்சில் கோடு கனம், அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா என்றும் சொல்லிக்கொண்டான். இரண்டும் நல்ல காரணம்தான். அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை அவன் அப்போது புரட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வின்னிபெக்கில் வண்டிக்குள்ளேயே காத்திருந்தான். வெளியே வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த ஓட்டைக் கேள்வி எல்லாம் தண்ணி பட்ட பாடு! பதினஞ்சையும் சட்டுசட்டுனு போட்டுட்டு வந்துட்டேன். பக்கத்துல ஒருத்தன், பாவம், தாளையே சுத்திச் சுத்திப் பாத்துட்டு இருந்தான்."

"அப்படியா," என்றான் டெல்மர். ஸ்டைன்பாக் வரைக்கும் நாற்பது நிமிஷம். சாலையையே பார்த்து ஓட்டினான்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் கடிதம் வந்தது. ரசாயனம், உயிரியல் எல்லாம் நன்றாக இருந்தது. சோப்புக் கட்டியைச் செதுக்கிக் காட்டும் பரீட்சையில் முப்பதுக்கு இருபத்தேழு. உருவக் கேள்விக்குப் பதினாலு. கல்லூரிக்குக் குறைந்தது இருபது வேண்டும். எந்த வகையில் எத்தனை தப்பு என்று பிரித்துச் சொல்லவில்லை. மொத்தமாக ஓர் எண், அவ்வளவுதான்.

ஆர்லீன் அடுப்படியில் நின்று அதை மூன்று தரம் படித்தாள். டெல்மர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தலைக்குள்ள அந்த ரூமே கட்டல போலிருக்கு," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது.

"பரவால்லம்மா," என்றான். "பிப்ரவரில இன்னொரு தரம் வெக்கிறாங்களே. எழுதேன்."

"எதுக்கு? தெரியாம முழிச்சுத் தப்புப் பண்ணியிருந்தா, இன்னும் கொஞ்சம் படிச்சுட்டுப் போகலாம். நான் எல்லாம் சரின்னு நெனச்சுல்ல எழுதிட்டு வந்தேன்! சந்தேகமே வரல டெல்மர். அது படிப்புக் குறை இல்ல, கண்ணே கோளாறு. இந்தக் கண்ண வெச்சுட்டு ஒருத்தர் வாய்க்குள்ள கை விடுறதா?"

பதில் அவனிடம் இருந்தது. ஒரே வாக்கியம். உன் கண்ணில் கோளாறு இல்லை, என் பலகையில் கோளாறு. ஆனால் அதைச் சொன்னால் எப்போது தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும். பிப்ரவரிப் பரீட்சைக்குப் பெயர் பதிய ஜனவரி நாலாந்தேதி வரை அவகாசம் இருந்தது. இன்றைக்கு வேண்டாம், கிறிஸ்துமஸ். நாளைக்கு வேண்டாம், அவள் அக்கா வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். புது வருஷம் பிறக்கட்டும். ஜனவரி இரண்டாம் தேதி இரவு சாப்பாட்டில், "ஆர்லீன்," என்று ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உப்பு" என்றான்.

ஐந்தாந்தேதி காலையில், எழுந்ததும் நெஞ்சில் ஒரு லேசு இருந்தது. இனிமேல் சொல்லிப் பயனில்லை என்கிற லேசு. பிற்பாடு அவன் மிகவும் வெட்கப்பட்டது அந்த லேசை நினைத்துத்தான்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அது ஊருக்கு வேடிக்கையாகிவிட்டது. முதலில் ஆரம்பித்தவள் ஆர்லீனேதான். வண்டியைக் கோணலாக நிறுத்தினால், "எனக்கு அந்த ரூம் கெடயாதுல்ல, கவர்மென்ட்டே எழுதிக் குடுத்திருக்கு" என்பாள். வில்ஃப் பிடித்துக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் பெரிய தட்டு எங்கே வைப்பது என்று யாராவது தடுமாறினால், ஆர்லீன் குரலில், "முப்பதுக்குப் பதினாலு! நான் பாத்துச் சொல்றேன், தள்ளுங்க!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். ஆர்லீன் எல்லாரையும்விடச் சத்தமாக. டெல்மரும் சிரிப்பான். கேலி ஊரில் பழசாகிப் பழசாகி, அவளைப் பற்றிய தகவலாகவே ஆகிவிட்டது.

2019 வசந்தத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. வாய்க்குள் ஒரு கோலை விட்டால் பல்லின் உருவம் திரையில் எழும்பும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேலே மாட்டும் உறையின் வடிவத்தைத் திரையிலேயே அமைக்க வேண்டும். அதற்குப் பயிற்சி எடுக்க ஆர்லீன் போகட்டும் என்று புது டாக்டர் சொன்னாராம். அந்த ஞாயிறு மார்ஜ் வீட்டில் அவளே அதைச் சொன்னாள்.

"ஒத்துக்கிட்டியாடி?" என்று கேட்டாள் மார்ஜ்.

"எனக்கு எதுக்குக்கா? நமக்கு உருவம் ஓடாதுன்னு தெரியும்ல. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, அவளப் போகச் சொல்லிட்டேன்."

"நல்லது பண்ணின கொழுந்தியா," என்றான் வில்ஃப். "இல்லன்னா என் பல்லுக்குச் செய்யற தொப்பி எருமைக்குத்தான் பொருந்தும்."

சிரிப்பு. டெல்மருக்கு அன்று சிரிப்பு வரவில்லை. காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

திரும்பி வரும்போது ஜிரூ கிராமத்துப் பக்கம் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. தானிய வண்டி, எங்கள் ஊர்ப்பக்கம் வருகிற நீளம் தெரியுமே, நூற்றிருபது நூற்றைம்பது பெட்டி. சாயங்கால வெயில் பெட்டிகளுக்கு நடுவே வந்து வந்து அவள் முகத்தில் அடித்தது.

"ஆர்லீன். அந்தப் பலகைங்க தப்பு."

"எந்தப் பலகை?"

சொன்னான். அரை நூல், படம், மரம், ஏமாற்று ஓட்டை, எல்லாவற்றையும். பேசிப் பழக்கமில்லாதவன், முன்னும் பின்னுமாகச் சொன்னான். ஆர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். பரீட்சைத் தாளைத்தான் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அந்தப் பதினைந்தையும் ஒவ்வொன்றாக.

கண்ணைத் திறந்து கேட்டாள். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

அப்புறம்தான், ரொம்ப நாள் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும்.

"வியாழக்கிழமை. பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி."

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"அரை நூல் விட்டதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் ஆர்லீன். "அது உன் கை. தெரிஞ்சுதான் உங்கிட்டச் செய்யச் சொன்னேன். அதப் பாத்துப் பிடிக்காதது என் தப்பும்தான். ஆனா வெள்ளிக்கிழமை ஒரு முழு நாள் இருந்துச்சேப்பா."

"பயந்துட்டேன்."

"நான் ஒடஞ்சு போயிடுவேன்னா?"

"அதுவும்."

"வேற?"

டெல்மர் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னான். "எல்லாருகிட்டயும் காட்டிட்டு இருந்தியே. எங்க வீட்டுக்காரர் செஞ்சதுன்னு. அது போயிடும்னு."

ஆர்லீன் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை.

"சரி, வெள்ளிக்கெழமைய விடு. பிப்ரவரி?"

டெல்மர் பெட்டிகளை எண்ணுவதுபோல் வெளியே பார்த்தான்.

"நான் அடுப்படில நின்னு அழுதேன் டெல்மர். நீ தட்டுத் தொடச்சிட்டு இருந்த. என்ன சொன்ன தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லு."

"பரவால்லம்மான்னு."

கடைசிப் பெட்டியும் போனது. கேட் மேலே எழும்பியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

"எடு," என்றாள்.

திங்கட்கிழமை ஆர்லீன் புது டாக்டரிடம் போய், பயிற்சிக்குத் தானே போவதாகச் சொன்னாள். அந்த இயந்திரம் மூன்று வாரத்தில் அவள் கைக்கு வந்துவிட்டது. இப்போது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்துகூட உறையின் வடிவம் சரியா என்று அவளைக் கேட்டுப் போன் வருகிறது. திரையில் பல்லைத் திருப்பும்போது அவள் முகத்தைப் பார்த்த டாக்டர் ஒரு நாள், "நீங்க ஏன் படிக்காம விட்டீங்க?" என்று கேட்டாராம். அவளுக்கு வயது நாற்பத்து நாலு. முடித்த பாடங்களெல்லாம் காலாவதியாகி வெகு நாளாகிவிட்டது. அவரிடம் என்ன பதில் சொன்னாள் என்று டெல்மரிடம் அவள் சொல்லவில்லை. டாக்டர் கேட்டார் என்பதே மார்ஜ் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

அடுத்து வந்த ஞாயிறு ஒன்றில் வில்ஃப் தொண்டையைச் செருமி, "முப்பதுக்குப் பதினாலு" என்று ஆரம்பித்தான்.

"பழசாயிடுச்சு அத்தான், விடுங்க," என்றாள் ஆர்லீன். அவ்வளவுதான். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. வில்ஃப் கொஞ்சம் முழித்துவிட்டுப் பாஸ்டரின் குரலுக்குத் தாவினான்.

பலகை விஷயத்தை அவள் சொல்லியிருந்தால் டெல்மருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வில்ஃப் அதை ஒரே வாரத்தில் நாடகமாக்கியிருப்பான். டெல்மர் குரல், ரம்பச் சத்தம், பலகையில் மாட்டிக்கொண்ட கட்டை, எல்லாம் வைத்து. ஊர் ஒரு வருஷம் சிரித்து ஓய்ந்திருக்கும். தானே சொல்லிவிடலாம் என்றும் ஒரு முறை வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் ஆர்லீனின் கை அவன் முழங்காலை அழுத்தியது. விட்டுவிட்டான். அது அன்பா, இந்தச் சுகம் உனக்குக் கிடையாது என்பதா என்று இன்றுவரை அவனுக்குப் பிடிபடவில்லை, கேட்கவும் துணிச்சலில்லை.

ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் போய் உட்காருகிறான். வில்ஃப் வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்கு ஆர்லீன் சொல்லிவிடுவாளோ என்று காத்திருக்கிறான். ஆர்லீன் தன் ரொட்டிக்கு ஜாம் தடவி முடித்து, பாட்டிலை டெல்மர் பக்கம் தள்ளுகிறாள்.